வயிற்றுக்குள் ஒரு மருந்துச்சாலை

மலைநாட்டிலே மழையும் பனியும் கூடிவரும் நாட்களில் தடிமன் எட்டிப் பாராத வீடு அரிது. கொஸ்லந்த, ஹல்துமுல்ல முதலிய ஊவாத் தோட்டப் பகுதிகளில் அந்நாட்களில் லயந்தோறும் அடுப்பிலே ஒரு சட்டி ஏறிவிடும். கொத்தமல்லி, சுக்கு, அவற்றோடு மஞ்சள் நிறமான ஒரு கொடித் துண்டு. சிங்கள மக்கள் 'வெனிவெல்கெட்ட' என்று வழங்கும் அக்கொடிக்குத் தமிழ் மருத்துவத்தில் மரமஞ்சள் என்று பெயர். எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சி, வடிகட்டி, வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் அனைவருக்கும் கொடுப்பது வழக்கம்.

இங்கே நாம் கருதிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மருந்து ஒன்றே; காய்ச்சிய சட்டியும் ஒன்றே; ஊற்றிக் கொடுத்த கையும் ஒன்றே. ஆயினும் ஒரு மூலிகை ஒருவருக்குக் கேட்கிறது, மற்றொருவருக்குக் கேட்பதில்லை. பேதி மருந்தாயின், ஒருவரை ஆட்டி வைக்கும். அடுத்தவரை அசைக்கவும் செய்யாது. "எல்லாம் வைத்தியரின் கைராசி" என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுவர். "நாட்டு மருந்தை நம்பினால் இப்படித்தான்" என்று படித்த இளைஞர் நகைத்துவிடுவர். இவ்விரண்டில் எதுவும் விடையாகாது. விடையின் முக்கியமான ஒரு பகுதி மருந்தைக் குடித்தவரின் குடலிலே இருக்கின்றது என்று இன்றைய விஞ்ஞானம் காட்டியுள்ளது. அதனை அறிந்துகொள்வது வெறும் அறிவுப் பொழுதுபோக்கு மட்டுமன்று. வீட்டிலே மருந்து காய்ச்சும் ஒவ்வொரு தாய்க்கும், வைத்தியரிடம் மாத்திரை வாங்கும் ஒவ்வொரு முதியவருக்கும் அது பயன்படும்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

நம் குடலில், சிறப்பாகப் பெருங்குடலில், பற்றீரியா எனப்படும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருக்கலாம் என்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு மதிப்பிடுகின்றது. அம்மனிதனின் சொந்த உயிரணுக்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. இத்தனை கோடி நுண்ணுயிர்களையும் ஒன்றாகத் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவே தேறும் என்பது வியப்புக்குரியது. ஒரு பொதி தேயிலையின் எடைதான்!

ஆனால் அவற்றின் தொழில் சிறிதன்று. மனித உடலை நடத்தும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. ஐரோப்பியர் 124 பேரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலிலோ 33 இலட்சம் மரபணுக்கள் இடம்பெற்றன. மரபணு என்பது ஒரு தொழிற் குறிப்பு என்று கொள்வோமாயின், நம் உடலுக்குத் தெரியாத எத்தனையோ தொழில்கள் அவ்வுயிர்களுக்குத் தெரியும் என்பது விளங்கும். நம்மால் சமிக்க முடியாத நார்ப்பொருளைப் பிரிப்பது அவற்றுள் ஒன்று. மூலிகையின் சத்தை மாற்றியமைப்பது மற்றொன்று.

உறையிலிட்ட வாள்

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது? அதற்கு முன்னர் செடியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

செடியால் ஓடி ஒளிய முடியாது. பூச்சியும் விலங்கும் தின்ன வருங்கால், தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளும் இரசாயனப் பொருள்களே அதற்குப் படைக்கலம். அப்படைக்கலத்தைத் தன் மெல்லிய உயிரணுக்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வது ஆபத்து. ஆதலால், வாளை உறையிலிட்டு வைப்பது போல, பல செடிகள் அப்பொருள்களைச் சர்க்கரையோடு பிணைத்துச் சேமித்து வைக்கின்றன. இவ்வாறு சர்க்கரையோடு பிணைந்த பொருள்களைக் கிளைக்கோசைட்டுக்கள் என்பர். நாம் மூலிகையைக் காய்ச்சும்போது நீரில் இறங்குவன பெரும்பாலும் இவையே. ஏனெனில் சர்க்கரை சேர்ந்த பொருள் நீரில் எளிதிற் கரையும்.

நீரில் எளிதிற் கரையும் இப்பொருள் குடற்சுவரை எளிதிற் கடப்பதில்லை. ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுள்ள சிறுகுடலை முழுவதும் கடந்தும், இரத்தத்திற் கலவாமல், உறையிட்ட வாளாகவே பெருங்குடலை வந்து சேர்கிறது. அங்கே காத்திருக்கின்றன நுண்ணுயிர்கள். அவை நொதியம் என்னும் கருவியால் சர்க்கரையை வெட்டி எடுத்துத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. நமக்கு உபகாரம் செய்ய வேண்டும் என்பது அவற்றின் எண்ணமன்று, பசிதான் காரணம். எனினும், உறை கழன்றதும் வாள் வெளிப்படுகின்றது. மருந்து அப்போதுதான் மருந்தாகின்றது.

திருநெல்வேலியிலிருந்து வந்த இலை

நிலாவரை என்றும் நிலவாகை என்றும் வழங்கும் பேதி இலையை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளையும் இவ்விலை, அவ்வூர்ப் பெயராலேயே உலக மருந்துச் சந்தையில் புகழ்பெற்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைகளுக்கு வந்த நம் முன்னோரின் கைமருந்துப் பட்டியலில் நிலாவரைக்கு என்றும் இடமுண்டு.

அதன் சத்தாகிய சென்னோசைட்டு என்னும் பொருள்களைச் சுவிற்சர்லாந்தில் ஆதர் ஸ்ரோல் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய துணைவரும் 1941ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். பின்னர் வந்த ஆராய்ச்சியில் ஓர் உண்மை புலப்பட்டது. சென்னோசைட்டு தானாகக் குடலை இளக்குவதில்லை. பெருங்குடற் பற்றீரியாக்கள் அதன் சர்க்கரையை நீக்கி, றெயின் அந்திரோன் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அப்பொருளே குடலின் அசைவைத் தூண்டி, நீரைச் சுரக்கச் செய்கின்றது.

"பேதி மருந்தை இரவிலே கொடு, விடியலில் வேலை செய்யும்" என்று பாட்டிமார் கூறுவதன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ? மருந்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள குடிகளின் கையில் உருமாறுவதற்கு 6 முதல் 12 மணி நேரம் செல்கின்றது. பாட்டிக்குப் பற்றீரியாவின் பெயர் தெரியாது. ஆனால் அது வேலை செய்யும் நேரம் தெரிந்திருந்தது.

கற்றாழைச் சாற்றை உலர்த்திச் செய்யும் கரியபோளத்தைப் பற்றியும் இத்தகைய ஆய்வு ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் சிலர், பிறந்தது முதல் எவ்வித நுண்ணுயிரும் தீண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கரியபோளத்தின் சத்தாகிய பார்பலோயினைக் கொடுத்தனர். பேதி உண்டாகவே இல்லை. அடுத்து, மனிதக் குடலிலிருந்து எடுத்த ஒரேயொரு பற்றீரியா வகையை அத்தகைய எலிகளின் குடலிற் குடியேற்றிவிட்டு அதே சத்தைக் கொடுத்தனர். கடும் பேதி உண்டாயிற்று! சத்து ஒன்றே, எலியினமும் ஒன்றே. குடியேறிய நுண்ணுயிர் ஒன்றுதான் வேற்றுமை. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

மரமஞ்சளின் மாறுவேடம்

இனி, மரமஞ்சளுக்கு வருவோம். அதன் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணமானது பேர்பெரின் என்னும் சத்து. இச்சத்து அறிஞர்களை நெடுங்காலம் மயக்கி வந்தது. வாய்வழி உட்கொண்டால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்திற் சேர்வதில்லை என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் இரத்தத்திலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் அது ஓரளவு குறைக்கின்றது என்று வேறு ஆய்வுகள் காட்டின. உள்ளே நுழையாத மருந்து எவ்வாறு வேலை செய்யும்?

2015ஆம் ஆண்டில் சீன நாட்டு அறிஞர்கள் இப்புதிரின் ஒரு முடிச்சை அவிழ்த்தனர். பெருங்குடலில் ஒட்சிசன் மிக அரிது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் தமக்குக் கிடைக்கும் பொருள்களோடு ஐதரசனைச் சேர்ப்பதில் வல்லவை. பேர்பெரினோடும் அவ்வாறே ஐதரசனைச் சேர்த்து, ஐதரோபேர்பெரின் என்று கூறத்தக்க புது உருவம் ஒன்றை அவை உண்டாக்குகின்றன. இவ்வுருவம் குடற்சுவரைப் பேர்பெரினிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு எளிதாகக் கடக்கின்றது. கடந்ததும் ஐதரசனை இழந்து பழையபடி பேர்பெரின் ஆகிவிடுகின்றது. பகைவர் கோட்டைக்குள் மாறுவேடத்தில் நுழைந்து, உள்ளே சென்றதும் வேடத்தைக் களையும் ஒற்றனின் கதையை இது நினைவூட்டுகின்றதன்றோ? அவ்வேடத்தைப் புனைந்து கொடுக்கும் ஒப்பனைக்காரர் குடல் நுண்ணுயிர்கள்.

அன்றாடம் குழம்பிற் சேரும் மஞ்சளுக்கும் இதே கதைதான். மஞ்சளின் சத்தாகிய குர்க்குமினோடு ஐதரசனைச் சேர்க்கும் நொதியம் ஒன்றை, மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியாவில் ஜப்பானிய அறிஞர் 2011ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். வல்லாரைக் கீரையின் ஆசியாற்றிக்கோசைட்டு என்னும் சத்தும் சர்க்கரை நீங்கிய உருவிலேயே இரத்தத்திற் காணப்படுகின்றது.

சாயத் தண்ணீரின் பயணம்

கொஸ்லந்தவைப் பற்றிப் பேசிவிட்டுத் தேயிலையை மறத்தல் ஆகுமோ? விடிகாலையில் மலை ஏறுமுன்னர் கொழுந்து பறிக்கும் தாய் ஒரு கோப்பை சாயத் தண்ணீர் அருந்துகிறாள். அதன் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல் என்னும் பொருள்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. அவை பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றின் பெரிய மூலக்கூறுகளைப் படிப்படியாக உடைத்துச் சிறிய அமிலங்களாக்குகின்றன. அவை இரத்தத்தில் ஏறி, ஈரலை அடைந்து, இறுதியில் ஒரு பகுதி இப்பூரிக்கமிலம் என்னும் பொருளாகச் சிறுநீரில் வெளியேறுகின்றது.

இவ்வமிலத்தை ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1829ஆம் ஆண்டில் குதிரையின் சிறுநீரிலே கண்டு, குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். புல் தின்னும் குதிரைக்கும் தேநீர் அருந்தும் மனிதனுக்கும் இடையே இப்படியோர் ஒற்றுமை! தேயிலையின் நன்மையைப் பற்றி நாம் எத்தனையோ விளம்பரங்களைப் பார்க்கிறோம். அந்நன்மை எதுவாயினும், அதைத் தேயிலைத் தூள் மட்டும் தருவதில்லை. அருந்துபவரின் குடலும் அதில் பங்காளி என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

ஆளுக்கொரு குடல்

இப்போது, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரே மருந்து இருவரிடத்தில் வேறுபடுவது ஏன்? இருவரின் குடலிலும் ஒரே குடிகள் வாழ்வதில்லை என்பதே விடை. பிறப்பு, தாய்ப்பால், உணவு, குடிநீர், நோய், உட்கொண்ட மருந்துகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடலுலகை அமைத்துவிடுகின்றன.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலை. ஊவாவின் வறண்ட புல்வெளிச் சரிவுகளில் இம்மூன்று மரங்களையும் இயற்கையாகவே காணலாம். இவற்றிலும் மாதுளம்பழத்திலும் எலாகித்தனின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. குடல் நுண்ணுயிர்கள் அவற்றை யூரோலிதின் என்னும் பொருள்களாக மாற்றுகின்றன. எல்லார் குடலிலும் இம்மாற்றம் ஒரே வகையாக நடக்கின்றதா? இல்லை. ஸ்பானிய அறிஞர்கள் 2014ஆம் ஆண்டில் மக்களை இதுபற்றி மூன்று வகையினராகப் பிரித்தனர். ஒரு சாரார் ஒருவகை யூரோலிதினை உண்டாக்குவர். மற்றொரு சாரார் வேறு வகைகளையும் சேர்த்து உண்டாக்குவர். மூன்றாம் சாரார் எதையுமே உண்டாக்கார்! ஒரே மாதுளையை மூவர் பகிர்ந்து உண்டாலும், மூவரும் பெறுவது ஒன்றன்று.

இவ்வேறுபாடு உயிரையே தொடக்கூடிய இடமும் உண்டு. இருதயத் தளர்ச்சிக்கு வழங்கும் டிகொக்சின் என்னும் மருந்து, ஐரோப்பாவின் டிஜிற்றாலிசுச் செடியினத்திலிருந்து வருவது. 1785ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் வித்தரிங் அச்செடியினத்தின் பயனை நூலாக எழுதி உலகுக்கு அறிவித்தார். அம்மருந்தின் அளவு மிக நுட்பமானது. சிறிது குறைந்தால் பயனில்லை, சிறிது கூடினால் நஞ்சு. ஒருவகைக் குடற் பற்றீரியா இம்மருந்தோடு ஐதரசனைச் சேர்த்து அதன் வலிமையைப் போக்கிவிடுகின்றது. மருந்தை ஆக்கும் நுண்ணுயிர்களைப் பார்த்தோம். இது மருந்தை அழிக்கும் நுண்ணுயிர்.

1981ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் லிண்டன்பாமும் துணைவரும் ஓர் எச்சரிக்கையான செய்தியை வெளியிட்டனர். டிகொக்சின் உண்பவரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் குடலில் அதன் பெரும்பங்கு இவ்வாறு வீணாகின்றது. அத்தகையோருக்கு வேறு நோய்க்காக நுண்ணுயிர்கொல்லி மருந்தை ஐந்து நாட்கள் கொடுத்தால், அழிக்கும் பற்றீரியா ஒடுங்கிவிடுகின்றது. உடனே இரத்தத்தில் டிகொக்சினின் அளவு இரு மடங்கு வரைகூட உயர்ந்துவிடுகின்றது! மாத்திரையின் எண்ணிக்கை மாறவில்லை, குடல் மாறிவிட்டது.

பின்னர் 1989ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வி. ஐ. மாதன், லிண்டன்பாம் குழுவினரோடு சேர்ந்து, தென்னிந்தியர் 204 பேரையும் நியூயோர்க்கினர் 186 பேரையும் சோதித்தார். நியூயோர்க்கினரில் நூற்றுக்கு 36 பேரின் குடல் இம்மருந்தை மாற்றியது. தென்னிந்தியரில் நூற்றுக்கு 14 பேரின் குடலே அவ்வாறு செய்தது. அத்தென்னிந்தியரைப் பிரித்துப் பார்த்தபோது, நகரத்தாரில் நூற்றுக்கு 23 பேர். கிராமத்தாரில் நூற்றுக்கு 5 பேர் மட்டுமே. ஒரே மொழி, ஒரே நிலம்; ஆயினும் கிராமத்துக் குடலும் நகரத்துக் குடலும் மருந்தை நடத்தும் விதம் வேறு! தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் பிற நாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்லும் நம் இளைஞர்கள், தம் உடைமைகளோடு கண்ணுக்குத் தெரியாத இந்த உலகத்தையும் சுமந்து செல்கின்றனர். புதிய ஊரில் புதிய உணவால் அது மெல்ல மாறவும் கூடும்.

நன்மையும் தீமையும்

'இயற்கையானது ஆதலால் தீங்கில்லை' என்று எண்ணுவோர் பலர். உறையைக் கழற்றும் நுண்ணுயிருக்கு உள்ளே இருப்பது மருந்தா நஞ்சா என்னும் விசாரம் இல்லை. மதனகாமப்பூ மரம் என்னும் சைக்கசின் விதையில் சைக்கசின் என்னும் பொருள் சர்க்கரையோடு பிணைந்து இருக்கின்றது. சாதாரண எலிகளுக்கு அது ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைக்கும். நுண்ணுயிர் அற்ற எலிகளுக்கோ தீங்கு செய்வதில்லை. உறை கழலாமலே உடலை விட்டு நீங்கிவிடுகின்றது. இதனை 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். அங்கே நஞ்சின் வாயிலைத் திறந்து விடுவது குடல் நுண்ணுயிரே. கசப்பு மரவள்ளியிலும் சயனைட்டு நஞ்சு சர்க்கரையோடு பிணைந்தே கிடக்கின்றது. தோல் நீக்கி, துண்டாக நறுக்கி, நீரிலிட்டு, மூடாமல் அவிக்கும் நம் வீட்டு வழக்கம் அந்நஞ்சு குடலை அடையுமுன் அதைப் பெரிதும் போக்கிவிடுவதற்கே.

இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரத்தைப் பாருங்கள். அதன் இனிப்புச் சத்தாகிய கிளிசிறைசினைக் குடல் நுண்ணுயிர்கள் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் அளவு மீறினால் உடலில் உப்பைத் தேக்கிப் பொற்றாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சிறு துண்டு ஒன்று எப்போதாவது வாயில் அடங்குவதால் கேடில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நாள்தோறும் அதைக் காய்ச்சிக் குடிப்பது தகாது.

வீட்டுக்கு ஏற்ற பாடம்

இவற்றால் நாம் கொள்ளவேண்டியவை யாவை?

முதலாவது, ஒரு மூலிகை ஒருவருக்குக் கேட்கவில்லையாயின் அளவை இரட்டிப்பதால் பயனில்லை. அவருடைய குடலில் அதை மருந்தாக்கும் கை இல்லாதிருக்கலாம். அளவை ஏற்றுவது தீங்கையே ஏற்றும். அடுத்த வீட்டாருக்குக் கேட்டது என்பதும் நமக்குக் கேட்கும் என்பதற்கு உறுதியாகாது.

இரண்டாவது, வைத்தியசாலை மருந்து உண்பவர்கள் வீட்டிலே காய்ச்சிக் குடிக்கும் மூலிகையை வைத்தியரிடம் மறைத்தல் கூடாது. "ஏசிவிடுவாரோ" என்று அஞ்சிப் பலர் சொல்வதில்லை. சொல்லாமற்போனால், இரத்த அழுத்தம் ஏன் அடங்கவில்லை, சர்க்கரை ஏன் திடீரெனக் குறைந்தது என்று அறிய வைத்தியருக்கு வழியில்லை. அவ்வாறே, மூலிகையை நம்பித் தவிர்க்க முடியாத மருந்தைக் கைவிடுவதும் தகாது. கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்துக்கு வெனிவெல்கெட்ட காய்ச்சிக் குடிப்பதோடு நின்றுவிடாமல் ஏற்பு ஊசியும் போட்டுக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, நுண்ணுயிர்கொல்லி மருந்தைப் பற்றியது. நிமோனியா போன்ற நோய்களில் அது உயிர் காக்கும். வைத்தியர் கொடுத்தால் சொன்ன நாள்வரை உட்கொள்ளவேண்டும். ஆனால் சாதாரணத் தடிமனுக்கு அதனால் பயனில்லை. போனமுறை மிஞ்சிய மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுப்பதும், அண்டை வீட்டாரிடம் வாங்கி விழுங்குவதும் நம்மிடையே உள்ள கெட்ட வழக்கங்கள். சில நாள் உண்ட அம்மருந்து குடலின் குடிகளை வாரக்கணக்கில் நிலைகுலையச் செய்யும். தடிமனுக்கு வீணாக அதை விழுங்கிவிட்டு, அதே நாளில் மரமஞ்சள் காய்ச்சிக் குடிப்பவர், மருந்து சமைக்கும் அடுப்பை ஒரு கையால் அணைத்துவிட்டு மறுகையால் சட்டியை ஏற்றியவராவார்.

நான்காவது, உணவைப் பற்றியது. நுண்ணுயிர்களின் உணவு நாம் சமிக்காது விடும் நார்ப்பொருளே. குரக்கன், பயறு, கௌபீ, கீரை வகைகள், பலாக்காய் ஆகியவை அவற்றுக்கு விருந்து. வெள்ளை மாவு ரொட்டியும் சீனி கூட்டிய தேநீருமே நாள் முழுதுக்கும் உணவாகிப்போன வீட்டில், குடற்குடிகள் பட்டினி கிடக்கின்றன. லயத்து வாசலிலே ஒரு பாத்தி வல்லாரையும் பொன்னாங்காணியும் போடுவதற்குச் செலவு அதிகமில்லை.

மருந்தோடு பத்தியத்தையும் வற்புறுத்திய நம் பழைய வைத்தியரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். டிகொக்சினை அழிக்கும் பற்றீரியாவை 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேலும் ஆராய்ந்தபோது, சுண்டெலிகளுக்குப் புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தால் அப்பற்றீரியா மருந்தை அழிப்பது குறைகின்றது என்று கண்டனர். உணவு மாறினால் நுண்ணுயிரின் தொழில் மாறும். தொழில் மாறினால் மருந்தின் வலிமை மாறும். இதனால் பழைய பத்தியங்கள் எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன என்று கொள்ளுதல் தவறு. மருந்தையும் உணவையும் பிரித்துப் பார்க்கலாகாது என்ற அடிப்படை எண்ணம் மட்டும் மதிக்கத்தக்கது என்பது உறுதியாயிற்று.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

ஹல்துமுல்லயில் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கின்றது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. செடியை ஆராய ஓரிடமும் விஞ்ஞானம் பயில ஓரிடமும் நம் மாகாணத்திலேயே உண்டு. நம் தோட்டப் பள்ளிகளில் உயிரியலும் இரசாயனமும் படிக்கும் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மூடியதும், வீட்டிலே பாட்டி காய்ச்சும் சட்டியருகே சென்று அமரட்டும். எந்த மூலிகை, எவ்வளவு, எப்போது, யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று ஒரு கொப்பியிலே குறித்து வைக்கட்டும். கேட்காதவரையும் சேர்த்துக் குறிப்பதே விஞ்ஞானத்தின் முதற்படி. வாய்மொழியாக வந்த அறிவு, முதியோர் மறையும்போது அவர்களோடு மறைந்து போகின்றது. எழுதி வைத்த அறிவையோ நாளை ஓர் ஆய்வுகூடம் சோதித்துப் பார்க்கலாம்.

நாட்டு மருந்து முழுவதும் பொய் என்பவரும், முழுவதும் மெய் என்பவரும் செடியை மட்டுமே பார்த்துப் பேசினர். செடியில் இருப்பது பாதி மருந்து. மறுபாதி அதை உண்பவரின் குடலில் ஆகின்றது. இவ்வுண்மை தெரிந்த வீட்டில், மூலிகையும் மாத்திரையும் ஒன்றையொன்று பகைக்காமல், அளவோடும் ஆலோசனையோடும் பயன்படும்.